வலிக்காத புண்

சர்க்கரை வியாதி உள்ளவர்களின் காலில் வரும் புண் பல சமயம் வலிப்பதே இல்லை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறையலாம். செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லோ, தைத்த முள்ளோ தெரியாது. அக்காயத்தின் வழியே நுழையும் கிருமிகள், கவனியாமல் விட்டால், எலும்பு வரை சென்றுவிடும். பிறகு விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம்.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளர் விரல்களை இழப்பதற்கு, உணர்வின்மையால் தெரியாமற்போகும் காயங்களே முக்கிய காரணம் என்று கண்டார். பின்னர் அமெரிக்காவில் நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கவும் இவ்வறிவு பயன்பட்டது. மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பை இன்றும் இரு நோயாளருக்கும் மருத்துவர்கள் சிபாரிசு செய்கிறார்கள்.

தோழியரே, பாட்டியால் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். தினமும் நாம் பார்க்கலாமே! விரலிடுக்குகளை மறவாதீர்கள். காலாணியைப் பிளேடால் சீவ விடாதீர்கள். நம் வீடுகளில் இது மிகவும் சகஜம். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, துர்நாற்றம் எது கண்டாலும், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். "வலிக்கவில்லையே" என்று பாட்டி மறுத்தாலும் விடாதீர்கள்.