குளிக்காமல் இருந்தால் புற்றுநோய் வராதா?

அன்புள்ள யாழினிக்கு,

"தோலில் வாழும் பாக்டீரியா புற்றுநோயைத் தடுக்குதாமே, அப்போ சோப்பை விட்டுடலாமா சித்தி?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் தாயே, சோப்புப் போட்டே குளி. தோலின் நிரந்தரக் குடிகள் மயிர்க்கால்களுக்குள்ளும் இருக்கின்றன. குளித்தால் கொஞ்சம் குறையும், பிறகு தானாகவே பெருகிவிடும். ஆனால் நீ படித்த செய்தி வெறும் வாட்ஸப் வதந்தி இல்லை. அதற்குப் பின்னால் 2018-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதைச் செய்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ரிச்சர்ட் கேலோ என்ற தோல் மருத்துவரின் குழுவினர்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா உன் தோலிலும் என் தோலிலும் இருக்கிறது. அதில் ஒரு ரகம் வித்தியாசமான ஒரு வேதிப்பொருளைச் சுரப்பதை அவர்கள் கண்டார்கள். அதன் பெயர் 6-என்-ஹைட்ராக்ஸிஅமினோபியூரின். பெயரைப் பார்த்து மிரளாதே. டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான அடினின் உனக்குத் தெரியும். அதன் அமினோ தொகுதியில் ஒரு ஆக்சிஜன் அணு கூடுதலாக ஒட்டிக்கொண்டால் இந்தப் பொருள். உருவத்தில் அடினினைப் போலவே இருப்பதால், செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியின் வேலையை இது கெடுக்கிறது. படியெடுக்க முடியாத செல் பெருக முடியாது.

அப்படியானால் நல்ல செல்லும் சாக வேண்டுமே என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். சோதனைக் குழாயில் பல புற்றுச்செல் வகைகளின் வளர்ச்சி குன்றியது, சாதாரணத் தோல் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சில நொதிகள் அந்தக் கூடுதல் ஆக்சிஜனைப் பிடுங்கி எறிந்துவிடும். பிடுங்கிய பிறகு மிஞ்சுவது பழைய அடினின்தான். பாதிக்கப்பட்ட புற்றுச்செல்களில் அந்த நொதிகளைக் காணவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து எலிகள். முடியில்லாத எலிகளின் தோலில் பாக்டீரியாவைப் பூசி, புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு அந்தப் பொருளைச் சுரக்கும் ரகம். இன்னொரு குழுவுக்கு? நீயும் நானும் செய்திருந்தால் ஒன்றும் பூசாமல் விட்டிருப்போம். அவர்கள் அதே எபிடெர்மிடிஸில், ஆனால் அந்தப் பொருளைச் சுரக்காத ரகத்தைப் பூசினார்கள். சுரக்கும் ரகம் பூசிய எலிகளுக்குக் கட்டிகள் குறைவாக வந்தன. பூசியதால்தான், ஏதோ ஒரு பாக்டீரியா இருந்ததால்தான் குறைந்தது என்று சொல்ல இப்போது வழியில்லை. ஓர் ஆய்வைப் படிக்கும்போது முடிவைத் தேடி ஓடாதே. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் பார்.

இனத்தின் பெயரை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது என்பதையும் இது காட்டுகிறது. பொன்னியும் கிச்சிலிச் சம்பாவும் நெல்தான், வடித்தால் சோறு ஒன்றாகவா இருக்கிறது? ஆரோக்கியமான சிலருடைய தோலில் இந்தப் பொருளைச் சுரக்கும் ரகங்கள் இருப்பதும் தெரியவந்தது. எல்லாருக்கும் இல்லை. 'சிலருக்கு இயற்கையாகவே கொஞ்சம் பாதுகாப்பு இருக்கலாம்' என்ற அளவில்தான் ஆய்வாளர்களும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த 'லாம்' உன் செய்தித் தலைப்பில் காணாமல் போயிருக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே பொருளை ஈஸ்ட்டிலும் ஈ. கோலையிலும் சடுதிமாற்றம் உண்டாக்கும் வேதிப்பொருளாக ஆய்வகங்கள் வெகு காலமாக அறிந்திருக்கின்றன. எபிடெர்மிடிஸும் அப்படியொன்றும் சாது இல்லை. செயற்கை மூட்டிலும் ரத்தக்குழாயில் செருகிய குழாயிலும் படிந்துகொண்டால், மருத்துவர்களைப் படாதபாடு படுத்தும்.

அதன் உறவுக்காரன் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் கதை வேறு. வெயில் பட்டுப் பட்டுச் சொரசொரப்பான திட்டுகள் சிலருக்கு வரும். அவற்றில் சில பின்னாளில் செதிள் செல் புற்றுநோயாக மாறும். தோல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் அந்தத் திட்டுகளிலும் கட்டிகளிலும் ஆரியஸ் கூடுதலாக இருப்பதை 2018-இல் காட்டினார்கள். ஆரியஸ்தான் புற்றுக்குக் காரணமா, அல்லது கெட்டுப்போன தோல் அதற்கு வசதியான இடமா? சேர்ந்து இருப்பதை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

2023-இல் ஸ்டான்ஃபோர்டில் எரின் சென்னும் மைக்கேல் ஃபிஷ்பாக்கும் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். புற்றுச்செல்லில் உள்ள புரதத்தின் துண்டை எபிடெர்மிடிஸே தயாரிக்கும்படி அதன் மரபணுவை மாற்றி, எலிகளின் மேல் தடவினார்கள். எலியின் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் அந்தத் துண்டை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு, உடலில் வேறிடத்தில் இருந்த மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டியைப் போய்த் தாக்கின. மேலே தடவியதற்கு உள்ளே பதில் கிடைத்தது. ஆனால் இதுவும் எலியில்தான். மனிதத் தோல் புற்றுக்கு இந்த வழியில் இன்று சிகிச்சை கிடையாது. 'புரோபயாடிக்' என்று அச்சிட்ட க்ரீம் புற்றைத் தடுக்கும் என்று யாராவது விற்க வந்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்.

தோல் புற்றே நமக்கு வராது என்றும் இருந்துவிடாதே. நம் தோலின் மெலனின் நிறமி வெயிலிலிருந்து நம்மை ஓரளவு காக்கிறது, உண்மை. ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயிலே தேவையில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் அடியில் வந்தது, 1981-இல் இறந்தார். பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் புற்று வருவதுண்டு. பாட்டியின் காலில் அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்.

கேலோ குழுவின் கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செய்தியை விட்டுவிட்டு அதையே படி. முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடங்களைக் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தி