விண்வழி இணையம்

சென்ற மாதம் நமது வட்டாரத்து மலைக் குக்கிராமம் ஒன்றில், நியாய விலைக் கடை ஊழியர் விரல் ரேகைக் கருவியை ஏந்தியவாறு பாறைமீது ஏறி நிற்பதையும், அரிசி வாங்க வந்தோர் கீழே காத்திருப்பதையும் கண்டோம். “வானத்திலிருந்தே இணையம் வருகிறதாமே, எங்கள் ஊருக்கு வாராதா?” என ஊராட்சித் தலைவர் அம்மையார் வினவினார். வினா நியாயமானதே.

நிலநடுக்கோட்டிற்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள், பூமி சுழலும் அதே காலத்தில் ஒரு சுற்று முடிப்பதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். தொலைக்காட்சித் தட்டை ஒருமுறை திருப்பி வைத்தால் போதுமென்பது இதனாலேயே. ஆனால் தொலைவு மிகுதி. நமது கேள்வி மேலே சென்று இறங்கி, விடையும் அவ்வாறே வந்து சேர அரை விநாடி ஆகும். படம் பார்ப்பதற்கு இது குறையன்று; மருத்துவருடன் உரையாடுவதற்குத் தடையாகும்.

ஆகவே ஸ்டார்லிங்க் நிறுவனத்தார் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் கோள்களைச் செலுத்துகின்றனர். தாமதம் நீங்குகிறது, வேறு சிக்கல் எழுகிறது. தாழப் பறக்கும் கோள் நம் வானில் சில நிமிடங்களே தங்கும். இரட்டைக் கமலையில் ஒரு சால் இறங்க மறு சால் ஏறுவதுபோல, ஒன்று மறையுமுன் மற்றொன்று வந்தாக வேண்டும். 2019 மே திங்களில் அறுபதுடன் தொடங்கிய தொகுதி இன்று பல ஆயிரமாகிவிட்டது. இக்கோள்கள் கடல்மீதும் பாலைமீதும் சென்றே தீரும். ஓர் ஊருக்கென மட்டும் இவற்றை அமைக்க இயலாது. எனவேதான் முதலீடு மலைக்க வைக்கிறது. 1998-ல் 66 கோள்களுடன் தொலைபேசிச் சேவை தொடங்கிய இரிடியம், மறு ஆண்டே திவாலாயிற்று. 2020-ல் ஒன்வெப் நிறுவனத்திற்கும் அந்நிலையே நேர்ந்தது. இரண்டும் கைமாறிப் பிழைத்தன.

பயன் இல்லையென்று சொல்லவில்லை. 2022 சனவரியில் எரிமலை வெடித்து டோங்கா நாட்டின் கடலடிக் கம்பி அறுந்தபோது, அது சீராக ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை வெளியுலகத் தொடர்பைத் தாங்கியவை செயற்கைக்கோள்களே.

எனினும் ஒரு கோள் ஒரு பகுதிக்கு அளிக்கும் திறன், ஏரி மடைநீர்போல் பங்கிடப்படுவது. வீடுகள் நெருங்கிய ஊருக்குக் கண்ணாடி இழைக் கம்பியே ஏற்றது. கம்பி எட்டாத சிற்றூரில் பொதுவிடத்தில் ஒரு தட்டு வைக்கலாம். தடையற்ற மின்சாரமும் மறைப்பில்லாத வானமும் வேண்டும். பெருமழையில் வேகம் குறையும். மாதக் கட்டணத்தை எந்த நிதியிலிருந்து செலுத்துவதென்று தீர்மானம் நிறைவேற்றுமுன்னரே முடிவு செய்க. ஸ்டார்லிங்கிற்கு 2025 சூனில்தான் இந்திய அரசு உரிமம் வழங்கியது. உரிமமில்லாதார் தட்டு விற்க வந்தால் வாங்கலாகாது.

அம்மலையூர்ப் பள்ளிக் கூரைமீது ஏறிப் பார்த்தோம். கிழக்கே பலாமரம் ஒன்று வானை மறைக்கிறது. கிளையைக் கழிப்பதா, கடைக் கூரைக்கு இடம் மாற்றுவதா என்பது அடுத்த கிராம சபைக்கு வருகிறது.