ஆளுக்கேற்ற கடிதம்: மெயில் மெர்ஜில் ஒரு புதிய வழி

வேர்ட் தொகுப்பின் மெயில் மெர்ஜ் வசதியைப் பலர் பெயர், முகவரியை மாற்றி அச்சிட மட்டுமே பயன்படுத்துகின்றனர். கடிதத்தின் வாசகத்தையே ஆளுக்கேற்ப வேறு பைலிலிருந்து எடுத்துத் தரவும் அதனால் முடியும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்திற்கு மாதம் 48 கடிதங்கள் அச்சிட்டுத் தருகிறேன். பராமரிப்புத் தொகை செலுத்தியவருக்கு ரசீது, செலுத்தாதவருக்கு நினைவூட்டல். பணம் கட்டியவருக்குப் பாக்கிக் கடிதம் போனால் அடுத்த கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ரூல்ஸ் பட்டியலில் ‘இஃப் தென் எல்ஸ்’ இருக்கிறதே என்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எக்ஸெல்லில் ஒரு செல் காலியாக இருந்தாலும் வேர்ட் எதுவும் கேட்காமல் ‘எல்ஸ்’ பகுதியை அச்சிட்டுவிடும்.

எனவே ரசீது, பாக்கி என இரண்டு வேர்ட் பைல்களில் வாசகத்தை மட்டும் டைப் செய்து ஒரே போல்டரில் வைத்திடுங்கள். எக்ஸெல் பட்டியலில் ‘நிலை’ என்று ஒரு காலம் அமைத்து, ஒவ்வொருவருக்கும் உரிய பைலின் பெயரை அதில் தரவும். எழுத்து மாறக் கூடாது.

பெயரும் வீட்டு எண்ணும் உள்ள முதன்மைக் கடிதத்தைத் திறந்து, மெயிலிங்ஸ் டேபில் எக்ஸெல் பட்டியலை இணைத்திடுங்கள். (வேர்ட் 2007 முதல் உள்ளவற்றுக்கான வழி இது.) வாசகம் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, இன்செர்ட் டேபில் ஆப்ஜெக்ட் அருகே உள்ள அம்புக்குறியில் கிளிக் செய்து ‘டெக்ஸ்ட் ஃப்ரம் பைல்’ தேர்ந்தெடுக்கவும். ரசீது பைலைக் காட்டி, இன்செர்ட் பட்டனின் அம்புக்குறியில் ‘இன்செர்ட் அஸ் லிங்க்’ கொடுங்கள்.

இப்போது ஆல்ட் + எஃப்9 அழுத்தினால் இன்க்ளூட்டெக்ஸ்ட் என்ற ஃபீல்டும் பைலின் முழு முகவரியும் தெரியும். அதில் ‘ரசீது’ என்ற சொல்லை மட்டும் நீக்கி, அதே இடத்தில் ‘இன்செர்ட் மெர்ஜ் ஃபீல்ட்’ மூலம் ‘நிலை’யைச் செருகவும். மேற்கோள் குறி, இரட்டைச் சாய்கோடுகள், பைலின் வால்பெயர் எதையும் தொடாதீர்கள். நெளி அடைப்புக்குறியை நீங்களே டைப் செய்தால் வேலை செய்யாது. மீண்டும் ஆல்ட் + எஃப்9.

சர்வர்களை நிர்வகிக்கும் ஆன்சிபிள் போன்ற தொகுப்புகளிலும் இதே தந்திரம்தான். எந்த சிஸ்டம் என்ற வேரியபிளைப் பார்த்து அதற்குரிய டெம்ப்ளேட் பைலை எடுக்கும்படி அமைக்கிறார்கள்.

மெர்ஜ் செய்யும்போது நேரே பிரிண்டருக்கு அனுப்பாமல் ‘எடிட் இண்டிவிஜுவல் டாக்குமெண்ட்ஸ்’ தேர்ந்தெடுத்திடுங்கள். புதிய பைலில் கண்ட்ரோல் + ஏ, பிறகு எஃப்9 அழுத்திவிட்டு, கண்ட்ரோல் + எஃப் மூலம் ‘எர்ரர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். நிலை காலியாக இருந்தவருக்கும், எழுத்துப்பிழை உள்ளவருக்கும் வாசகத்திற்குப் பதில் அந்தச் சொல்தான் நிற்கும். அந்த வீட்டுக் கணக்கை நோட்டில் பார்த்துச் சரி செய்த பிறகு பிரிண்ட் கொடுக்கலாம்.