மலையிற் பற்றும் தீயும் வயலிற் புகும் வெள்ளமும்

சங்க அங்கத்தினர் அறியவேண்டுவது யாதெனில், கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கூடி, சேத்தியாத்தோப்பைக் கடந்து, பரங்கிப்பேட்டையருகே கடலிற் சேர்கின்றது. ஆதலால் கோடையில் அம்மலையில் மூளும் தீ, கார்த்திகையில் நம் வயல்களையும் பாதிக்கவல்லது.

காட்டுச் சருகு மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்லக் கீழே விடும். பெருந்தீயிலோ சருகு சாம்பலாவதுடன், அதினின்றெழும் மெழுகொத்த ஆவி மண்ணுள் உறைந்து நீர் இறங்காவண்ணம் தடுக்கிறது. அப்போது மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு விரைந்தோடும். மெக்சிகோ எல்லையையடுத்த அரிசோனாவின் வறண்ட பிரதேசத்தில், 2011 ஜூனில் ஹுவாசூகா மலை எரிந்தது. ஜூலை மழையிலேயே வெள்ளமும் சேறும் அடிவாரக் குடியிருப்புகளிற் புகுந்தன.

2015-ஆம் வருஷத்துக் கடலூர் வெள்ளம் பெருமழையால் விளைந்தது. அத்தகைய மழை எரிந்த சரிவிற் பெய்யுமாயின் வெள்ளம் இன்னும் விரைந்து வரும். வண்டலும் வாய்க்கால்களைத் தூர்க்கும்.

ஆகவே செய்யத்தக்கவை:

1. கோடைக்கு முன்னரே மலைக்காட்டில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டும்படி, தீர்மான வாயிலாக வனத்துறையை வேண்டுக.

2. ஆவணிக்குள் வடிகால்களைத் தூர்வாரி, மதகுகளையும் கலுங்குகளையும் பரிசோதிக்க.

3. மலை எரிந்த வருஷத்தில் விதைநெல்லையும் கணக்குப் புத்தகங்களையும் மேடான கட்டிடத்தில் வைக்க.

4. சம்பாப் பயிரைக் கெடுவுக்குள் காப்பீடு செய்க.

மேட்டிற் காடு நிலைத்தால் பள்ளத்திற் பயிர் நிலைக்கும்.