கைப்பை காணாமல் போன முதல் ஒரு மணி நேரம்

வங்கி, ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, இ-சேவை மையம் என ஒரே காலையில் நான்கைந்து இடங்களுக்கு அலைந்து திரும்பும் ஒருவர், கைப்பையோ கைபேசியோ அசல் சான்றிதழ்கள் அடங்கிய உறையோ தம்மிடம் இல்லை என்று உணரும்போது, பொருள் போனதைவிட அடுத்த சில நிமிடங்களின் பதற்றமே பல நேரங்களில் கூடுதலான சேதத்தை விளைவிக்கிறது. ஆபத்தை எதிர்கொள்ள உடல் சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் ஆகியவை ஓடுவதற்கும் போராடுவதற்கும் உதவுபவை. நேற்றோ சற்று முன்போ நடந்ததை நிதானமாக நினைவுகூர்வதற்கு அவை உதவுவதில்லை. அதனால்தான் பதறியவர் ஒரே பையை மூன்று முறை துழாவுகிறார், வந்த வழியே காரணமின்றி ஓடுகிறார், முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்கிறார். தமிழ்நாட்டில் இத்தகைய நிலைக்கு ஆளாகும் ஒருவர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. செய்ய வேண்டியவை பெரும்பாலும் பலருக்கும் தெரிந்தவையே, தவறுவது வரிசையில்தான்.

முதல் படி: நின்று, ஒரே முறை முழுமையாகப் பார்த்தல்

நடமாட்டத்தை நிறுத்தி, ஓரமாக உட்கார்ந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டபின், பையில் உள்ளவற்றை ஒரு துணியின் மேலோ மேசையின் மேலோ கொட்டிப் பார்க்க வேண்டும். பைக்குள் கைவிட்டுத் துழாவுவது தேடல் ஆகாது; கொட்டிப் பார்த்த பை மட்டுமே பார்த்து முடித்த பை. சட்டைப்பை, இருசக்கர வாகனத்தின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி, உடன் வந்தவரின் பை ஆகியவற்றையும் இதே முறையில் பார்த்துவிட்டு, இழப்பை உணர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அந்த நேரம் பின்னர் தேவைப்படும்.

இரண்டாம் படி: பூட்டக்கூடியவற்றைப் பூட்டுதல்

பொருள் தொலைந்தது உறுதியாகட்டும் என்று காத்திருப்பதே இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு. பின்னர் எளிதில் விலக்கிக்கொள்ளக்கூடிய தற்காப்பு நடவடிக்கை எதுவாக இருந்தாலும், அதற்கு உறுதிப்பாடு தேவையில்லை, ஐயமே போதுமானது. வங்கி அட்டையைப் பல வங்கிகளின் செயலியில் தற்காலிகமாக முடக்கவும், பை கிடைத்தபின் அதே செயலியில் விடுவிக்கவும் முடியும். 2021 ஜனவரி 1 முதல், தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள அட்டையில் ஒரு பரிவர்த்தனைக்கு 5,000 ரூபாய் வரை இரகசிய எண் இல்லாமலேயே பணம் செலுத்த இயலும் என்பதால், எண்ணை யாருக்கும் சொல்லவில்லையே என்ற ஆறுதல் இங்கே பயன்படாது.

தகவல் தெரிவிக்கும் நேரத்துக்குச் சட்டப்படியான மதிப்பும் உண்டு. வாடிக்கையாளரின் ஒப்புதலின்றி நடைபெறும் மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். ஆகவே தொலைபேசியில் தெரிவித்தவுடன் புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது இன்றியமையாதது. பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், வங்கியோடு நிற்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தடுத்து நிறுத்துவதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

தொலைந்தது கைபேசி என்றால் வரிசை இன்னும் நுட்பமானது. பதற்றத்தில் பலர் முதலில் சிம் அட்டையை முடக்கிவிடுகின்றனர். முடக்கினால் கைபேசி இணையத் தொடர்பை இழந்து, அது இருக்குமிடத்தைக் கண்டறியும் வாய்ப்பும் போய்விடுகிறது. அருகிலுள்ளவரின் கைபேசியிலிருந்து முதலில் அழைத்துப் பார்க்க வேண்டும். கண்டெடுத்தவர் நல்லவராக இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. பதில் இல்லையெனில், கூகுள் அல்லது ஆப்பிள் வழங்கும் கைபேசி தேடும் சேவையில் நுழைந்து, இடத்தைப் பார்த்து, தொலைவிலிருந்தே திரையைப் பூட்டி, திருப்பி அழைக்க வேண்டிய எண் ஒன்றைத் திரையில் தோன்றச் செய்யலாம். இவற்றை முடித்தபின் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்துச் சிம்மை முடக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தே. திரை பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அங்கே வந்து சேரும்.

மூன்றாம் படி: நினைவை முறையாக விசாரித்தல்

பூட்ட வேண்டியவற்றைப் பூட்டியபின் மனத்தில் ஓரளவு அமைதி பிறக்கும்; நினைவுகூர்வதற்கு அதுவே ஏற்ற நேரம். "எங்கே வைத்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதில் பயன் குறைவு, ஏனெனில் பொருளை வைத்த கணத்தில் கவனம் வேறெங்கோ இருந்திருந்தால் அந்தச் செயல் நினைவில் பதிந்தே இருக்காது. பதியாத ஒன்றை எவ்வளவு வருந்தியும் மீட்க இயலாது. அதைச் சூழ்ந்து பதிந்தவற்றைக் கொண்டு ஊகிக்க மட்டுமே இயலும்.

இதற்கு உதவும் முறை ஒன்று குற்றப் புலனாய்விலிருந்து கிடைக்கிறது. சாட்சிகளின் நினைவை மீட்பதற்காக அமெரிக்க உளவியலாளர்கள் ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கெய்செல்மன் ஆகியோர் 1980களில் உருவாக்கிய அறிதிறன் நேர்காணல் என்ற முறையில், சாட்சி முதலில் அந்த இடத்தின் சூழலை மனத்தில் மீண்டும் எழுப்பிக்கொள்கிறார், அற்பமாகத் தோன்றுவதையும் விடாமல் சொல்கிறார், பின்னர் நிகழ்ச்சியைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்னோக்கிச் சொல்கிறார். பொருளைத் தொலைத்தவர் இதைத் தமக்குத் தாமே செய்துகொள்ளலாம். மருந்துக் கடையில் சில்லறை கொடுத்தது எந்தக் கையால், அப்போது மற்றொரு கையில் என்ன இருந்தது, பேருந்தில் கம்பியைப் பிடித்தபோது பை தோளிலா மடியிலா என்று உடலின் நிலையைக் கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் சென்றால், பொருள் கையில் இருந்ததாக ஐயமின்றிச் சொல்லக்கூடிய கடைசி இடம் கிடைக்கும். வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகள், பில்கள், பயணச்சீட்டு ஆகியவற்றிலுள்ள நேரங்கள் அந்த வரிசையைச் சரிபார்க்க உதவும்.

கடைசியாகப் பார்த்த இடத்துக்கும் இழப்பை உணர்ந்த இடத்துக்கும் இடையே எங்கே முதலில் தேடுவது என்பதற்கும் ஆய்வு சார்ந்த விடை உண்டு. மைக்கேல் பர்ன், சூசன் போவேர் ஆகியோர் 1997ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்த, பணி முடிந்தபின் நேரும் பிழை என்ற வகை, ஒரு வேலையின் முக்கிய நோக்கம் நிறைவேறியவுடன், எஞ்சியிருக்கும் சிறு செயலை மனம் கைவிட்டுவிடுவதைக் குறிக்கிறது. ஏடிஎம்மில் பணம் கைக்கு வந்ததும் அட்டையை மறப்பதும், ஜெராக்ஸ் கடையில் நகல்களை வாங்கிக்கொண்டு அசலை இயந்திரத்தின் மூடிக்கு அடியிலேயே விட்டுச் செல்வதும் இதற்குத் தெளிவான சான்றுகள். அட்டையை எடுத்தபின்னரே பணம் தரும் வகையில் பல ஏடிஎம்கள் அமைக்கப்பட்டிருப்பதும் இப்பிழையைத் தவிர்ப்பதற்காகவே. எனவே நடந்து வந்த வீதியைவிட, வேலை முடிந்த இடங்களே முதலில் தேடத்தக்கவை: ஜெராக்ஸ் இயந்திரத்தின் கண்ணாடி, வங்கியில் படிவம் நிரப்பும் மேசை, பணம் செலுத்திய கவுண்டர், கையெழுத்திட உட்கார்ந்த நாற்காலி, ஆட்டோவின் பின்னிருக்கை. சென்னையின் ரங்கநாதன் தெரு போன்ற நெரிசலில் நடந்த தூரம் முழுவதையும் தேடுவது இயலாத காரியம். நின்று வேலை முடித்த இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

நான்காம் படி: நேரில் சென்று கேட்டல்

பேருந்தில் விட்டிருந்தால் பயணச்சீட்டை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, தடம், ஏறிய நேரம் ஆகியவற்றோடு அருகிலுள்ள பேருந்து நிலைய நேரக் காப்பாளரை அணுக வேண்டும். அவர் வழியாகப் பணிமனையை அறிந்து நடத்துநரை எட்டலாம். ரயிலில் என்றால் 139 என்ற எண்ணில் பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் சொல்லிப் புகார் அளிக்கலாம்; பயணிகள் விட்டுச்சென்ற உடைமைகளை மீட்டுத் திருப்பித் தருவதற்கென ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பணியை நடத்தி வருகிறது. கடைகளில் கண்காணிப்புக் கேமராவின் பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்து புதியவை பதிவாகும் என்பதால், அன்றைக்கே கேட்பது நல்லது. கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி எழாமல், "இங்கே விட்டிருக்கலாம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவருக்கே கடைக்காரர் எழுந்து வந்து தேடிக் கொடுப்பார்.

பொருளின் அடையாளங்கள் அனைத்தையும் வெளியே அறிவித்துவிடக் கூடாது. உரியவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றையாவது, பையின் உள்ளறையில் இருந்ததைப் போன்ற ஒன்றை, சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். பொருள் கிடைத்துவிட்டது என்று அழைப்பவர் முன்பணமோ கடவுச்சொல்லோ கேட்டால் அது மோசடி என்று கொள்ள வேண்டும். கண்டெடுத்தவருக்கும் சட்டத்தில் கடமை உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்பவரை, காப்பாக ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பெற்றவருக்குரிய பொறுப்புக்கு உட்படுத்துகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு அதைத் தமதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம்.

ஐந்தாம் படி: காவல்துறையில் பதிவு

ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவுச் சான்று, கடவுச்சீட்டு, கல்விச் சான்றிதழ் போன்றவை தொலைந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் தொலைந்த ஆவண அறிக்கையைப் பதிவு செய்யலாம். நேரில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டின் ரசீது கிடைக்கும். புகார் பெறப்பட்டதற்குச் சான்றாகும் இந்த ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பொருள் திருடப்பட்டது என்று கருத இடமிருந்தால் முதல் தகவல் அறிக்கையையே கேட்க வேண்டும். களவு போனதைத் தொலைந்ததாக எழுதித் தருவது, அலைச்சலைக் குறைப்பதாகத் தோன்றினாலும், பிற்பாடு அந்தக் கைபேசியோ ஆவணமோ குற்றம் ஒன்றில் பயன்படுத்தப்பட்டால் உரியவரையே தொல்லைக்குள்ளாக்கும்.

காவல் நிலையப் புகாரின் நகல் கையில் இருந்தால், நடுவண் அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கைபேசியின் ஐஎம்இஐ எண்ணைத் தடைசெய்யலாம். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண். அது தடைசெய்யப்பட்டால் வேறு சிம்மைப் போட்டாலும் அந்தக் கைபேசி நாட்டிலுள்ள வலையமைப்புகளில் இயங்காது, மீண்டும் கிடைத்தால் தடையை நீக்கிக்கொள்ளலாம். தடைசெய்யும் கோரிக்கைக்கான ஒருமுறைக் கடவுச்சொல், அதே எண்ணுக்குப் பெறும் மாற்றுச் சிம்முக்கு வரும். மாற்றுச் சிம் பெற்ற முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படுவதால், அது வராததைக் கண்டு மீண்டும் பதற வேண்டியதில்லை.

ஆதார் அட்டை தொலைந்தது பற்றிப் பலர் அளவுக்கு மீறி அஞ்சுகின்றனர். மின்-ஆதாரைத் தரவிறக்கிக்கொள்ளலாம், 1947 என்ற எண்ணில் உதவி பெறலாம், கைரேகை முதலியவற்றைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க அவற்றைப் பூட்டி வைக்கலாம். அஞ்சத்தக்கது நிலப் பத்திரத்தின் அசல். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும் என்றாலும், விற்கவோ அடமானம் வைக்கவோ செல்லும்போது காவல்துறையின் கண்டறிய இயலாச் சான்று, நாளிதழ் அறிவிப்பு எனப் பலவும் கேட்கப்படுகின்றன. ஆகவே அசல் பத்திரத்தோடு வேறு வேலைகளைச் சேர்த்துக்கொண்டு கடைகடையாக அலையவே கூடாது. அதற்கென ஒரு தனிப் பயணம், நேராகச் சென்று நேராக வீடு திரும்புதல் என்பதே பாதுகாப்பு.

புறப்படும் முன் செய்யத்தக்கவை

வேலை முடிந்த இடத்தில்தான் பொருள் தங்குகிறது என்பதால், தடுப்பு முறையும் அங்கேயே அமைய வேண்டும். அசலைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தபின் நகலுக்குப் பணம் கொடுப்பது, எந்தக் கவுண்டரிலிருந்தும் விலகும்போது மேசையையும் நாற்காலியையும் திரும்பிப் பார்ப்பது ஆகிய இரண்டும் பழக்கமாகிவிட்டால் பெரும்பாலான இழப்புகள் நேராமலே போகும். சிம்முக்கு இரகசிய எண் இடுவதும், பையின் உள்ளே வீட்டிலுள்ள ஒருவரின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பதும் சில நிமிட வேலைகள். கைபேசி இல்லாமலேயே கூகுள் கணக்கில் நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை எடுத்து வைக்காதவர், தொலைந்த கைபேசிக்கே செல்லும் கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கும் நிலைக்கு ஆளாகக்கூடும். வங்கியின் உதவி எண் அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருப்பதால் அதுவும் அட்டையோடு சேர்ந்தே போய்விடும். எனவே வாசகர்கள் இன்றே கைபேசியில் *#06# என்று அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, அதனுடன் வங்கி உதவி எண்ணையும் மாற்றுக் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதி, பணப்பையில் அல்லாமல் வீட்டுப் பீரோவில் வைத்து, வீட்டிலுள்ள மற்றொருவருக்கும் அந்த இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும்.