தொட்டியை வரைவோம்

"படம் கீறினா சோறு கிடைக்குமா ஐயா?" லயத்துக்குப் போகும்போது பெற்றோர் நம்மிடம் கேட்பது இதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தருகே, சீனக்குடாவில், வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99 உண்டு. அவற்றில் 61ஐக் கூட்டாகப் புதுப்பிக்க 2022 ஜனவரியில் ஒப்பந்தமானது. இப்படியான வேலைக்கு முதலில் வேண்டியது படம். தகடு வெட்டுபவர் அதைப் பார்த்தே வெட்டுவார். படம் பிழைத்தால் இரும்பும் கூலியும் வீண். ஆகவே, சரியாக வரைபவருக்குச் சோறு உண்டு.

இன்று கணினியில் வரைய 'ட்ரோயிங் டெப்லட்' என்ற வரைபலகை உதவுகிறது. பலகையில் பேனையை ஓட்டினால் கோடு திரையில் விழும்.

பிள்ளைகளே, பழகும் முறை:

1. திரையைப் பாருங்கள், கையை அல்ல. அம்மா பறிக்கும்போது கண் கொழுந்தில்தானே இருக்கும்!

2. வட்டம் போடுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக நீண்டு முட்டை மாதிரி வந்தால், பலகையின் நீள அகல விகிதம் திரையோடு ஒத்துப்போகவில்லை. அதை அமைப்பில் திருத்துங்கள்.

3. தொட்டி மேலிருந்து வட்டம், பக்கத்திலிருந்து செவ்வகம். வட்டத்தின் விட்டமும் செவ்வகத்தின் அகலமும் ஒன்றாக இருக்கணும்.

4. கைக்கோடு ஓர் அடுக்கில். அதன்மேல் அடுத்த அடுக்கில் நேர்க்கோடும் அளவும்.

கிரிட்டா, இங்க்ஸ்கேப் மென்பொருள்கள் இலவசம். பெற்றோரே, கடன்பட்டுப் பலகை வாங்க வேண்டாம். முதலில் கொப்பியும் அடிமட்டமும் போதும். லயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கயிற்றால் சுற்றி அளந்து, 22/7ஆல் வகுத்தால் விட்டம் வரும். அதைப் பிள்ளை வரையட்டும். அளவு பழகிய கைக்கே பலகை உதவும்.