எச்7-இல் கை வைக்கும் முன்

குண்டடத்திலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறி மாவட்டப் போட்டிக்குப் போகிற கண்ணுவுக்கு,

எதிராளி கோட்டை கட்டிவிட்டாள். உன் பிஷப் டி3-இல் நின்று எச்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. குதிரை எஃப்3-இல், ராணி டி1-இல், சிப்பாய் இ5-இல். கை பரபரக்கும். 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கிரேக்கோ இந்தத் தாக்குதலை எழுதிவைத்த நாளிலிருந்தே பிள்ளைகளுக்கு அந்தப் பரபரப்பு உண்டு.

பிஷப்பைக் கொடுத்து எச்7-ஐ வெட்டுகிறாய். ராஜா பிஷப்பை எடுக்கிறது. குதிரை ஜி5-இல் செக். இதுவரை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். கணக்கு இதற்கு அப்புறம்தான். ஜி5-இல் வரும் குதிரையை அவளுடைய ராணியோ பிஷப்போ எடுத்துவிட முடியுமா? ராஜா ஜி8-க்குத் திரும்பினால் உன் ராணி எச்5-க்கு வந்து மேட்டுக்கு நிற்கும். சரி, அப்போது எஃப்8 காலியாக இருந்தால் ராஜா அந்த வழியாக நழுவிவிடாதா? பிஷப் எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காக்காதா? எல்லாவற்றையும்விட முக்கியம், ராஜா பின்வாங்காமல் ஜி6-க்கு ஏறி வந்தால் என்ன செய்வாய்? பெரும்பாலான பிள்ளைகள் கோட்டைவிடுவது இந்த மூவில்தான். ராஜா வெளியே வரப் பயப்படும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கிறார்கள்.

திருப்பூர் கட்டிங் மேசையைப் பார்த்திருப்பாய். அடுக்கடுக்காகத் துணியை விரித்து, சுருக்கம் நீவி, அளவு சரிபார்த்த பிறகுதான் மெஷின் ஓடும். போட்டியில் காயைத் தொடும் முன்னும் அப்படித்தான் சரிபார்க்க வேண்டும்; தொட்டுவிட்டால் ஆடியே ஆக வேண்டும்.

2016-இல் ஐல் ஆஃப் மேன் போட்டியில் 11 வயது பிரக்ஞானந்தா, கறுப்புக் காய்களோடு, பராகுவே கிராண்ட்மாஸ்டர் ஆக்ஸல் பாக்மேனை 18 மூவில் முடித்தார். அந்த ஆட்டத்தை அடுத்தடுத்து வேகமாகத் தட்டிப் பார்க்காதே. கறுப்பின் ஒவ்வொரு மூவுக்கும் பிறகு நிறுத்தி, வெள்ளை தப்பிக்க என்ன ஆடலாம் என்று நீயே தாளில் எழுது. அப்புறம் அடுத்த மூவைத் திற. நேரம் பிடிக்கும்தான், அந்த நேரத்தில்தான் ஆட்டம் உனக்குள் இறங்கும்.

வென்ற ஆட்டங்கள் மட்டும் போதாது. 2024 நவம்பர் 25, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டம். வெள்ளையில் ஆடிய குகேஷ், டிங் லிரெனின் ஃப்ரெஞ்ச் தடுப்பை எதிர்த்து 10-ஆவது மூவிலேயே ஜி சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அவருடைய ராஜா இன்னும் நடுவிலேயே இருந்தது. டிங் பதறவில்லை. ராணிப் பக்கம் ஆட்டத்தைத் திறந்தார்; 42 மூவில் வென்றார்.

கண்ணு, இங்கே உனக்கு வேண்டியது அடுத்த இரண்டு நாள். குகேஷ் மறுநாள் கறுப்பில் அமைதியாக ஆடி 23 மூவில் டிரா செய்தார். வெறிகொண்டு பழிவாங்கப் போகவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் வென்றார். டிசம்பர் 12-இல் 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் அவருடையது, 18 வயதில்.

உன்மேல் தாக்குதல் வந்தாலும் இதே நிதானம் வேண்டும். அவள் ஒரு காயைப் பலி கொடுத்தால், அந்த லாபத்தைக் கடைசிவரை காப்பாற்றியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்காதே. சரியான நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் அவளுடைய தாக்குதல் அடங்கிவிடும், ராஜா மூச்சுவிடும்.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரையாவது வெள்ளைக்கு உட்கார வை. எச்7 பலியை அவர்கள் பத்துத் தடவை ஆடட்டும். நீ கறுப்பு. பத்துத் தடவையும் ராஜாவை ஜி6-க்கே ஏற்று.